பன்னிரண்டு கட்டம் புல்

மார்ச் 5

ஏழு மணிக்குத் தண்ணீர் டிராக்டர் வந்தது. இன்று பெருமழை நாள்.

புது நோட்டு. பழைய நோட்டைப் பையோடு பேருந்தில் விட்டுவிட்டேன். அதனால் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

என் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இது மூன்றாவது வருடம், கடைசி வருடம். நாச்சிமுத்து அண்ணனுடைய எட்டு ஏக்கர் கொறங்காட்டில் ஒரு மூலையை எங்கள் துறை எடுத்து, கம்பிவேலி போட்டுத் தந்திருக்கிறது. கொறங்காடு என்பது இந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலம். உழுவதில்லை, விதைப்பதில்லை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும்தான். சுற்றிலும் கிளுவை முள்வேலி. என் கம்பிவேலிக்குள் பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். ஒவ்வொன்றின் மேலும் சரிவாக ஒரு பிளாஸ்டிக் கூரை. வானத்து மழை புல்லின் மேல் விழாது. தண்ணீரை நான்தான் ஊற்றுவேன். ஆறு கட்டங்களுக்கு வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, பழைய நாள் தூறல் மாதிரி. மற்ற ஆறு கட்டங்களுக்கு நான்கு வாரத் தண்ணீரையும் ஒரே நாளில், இப்போது பெய்கிற மழை மாதிரி. மொத்த அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். எந்தப் புல் எவ்வளவு தண்ணீரை எத்தனை நாள் குடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒரு கட்டத்துக்கு முந்நூற்று அறுபது லிட்டர். பூவாளியால் ஊற்றி முடிக்கப் பகல் ஒன்றரை ஆகிவிட்டது. கை தோளிலிருந்து கழன்றுவிடும் போல இருக்கிறது.

பாவாத்தாள் அக்கா (நாச்சிமுத்து அண்ணனின் மனைவி) மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார்.

"இன்னிக்கு இடி மின்னலோட பெருமழைங்களா அம்மணி?"

"ஆமாக்கா. குடை கொண்டு வரலையா?"

சிரித்தார். மாடு சிரிக்கவில்லை. கம்பியின் மேல் தாடையை வைத்துக்கொண்டு ஈரமண் வாசனையை இழுத்து இழுத்து விட்டது. மயிலை என்று பெயர். சாம்பல் கலந்த வெள்ளை. ஏழு மாதச் சினை.

மார்ச் 6

தோள் வலி. சிறுமழைக் கட்டம் ஆறும் அளந்தேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 12

இலையைக் கவ்வும் கருவியோடு ஆறரை மணிக்கே உள்ளே போய்விட்டேன். துணி காயப்போடும் கிளிப் போலத்தான் இருக்கும். இலையைக் கவ்வினால், இலை எவ்வளவு நீரை மூச்சாக விடுகிறது என்று எண்ணாகக் காட்டும். எண் பெரிதாக இருந்தால் இலையின் வாய் திறந்திருக்கிறது, குடிக்கிறது. சிறிதாக இருந்தால் மூடிக்கொண்டுவிட்டது.

பெருமழைக் கட்டங்களில் ஏழாம் நாளும் எண் இறங்கவில்லை. தண்ணீர் ஒரு முழத்துக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. சிறுமழைக் கட்டங்களில் மூன்றாம் நாளே வாயை மூடிக்கொண்டது. ஊற்றுகிற தண்ணீர் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் இறங்குவதில்லை. புல் வாங்குவதற்குள் வெயில் வாங்கிவிடுகிறது. மூன்று வருடமாக இப்படித்தான் வருகிறது. நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. தேவசகாயம் சாருக்கு அனுப்பினேன். என் நெறியாளர். "நல்லது. அவசரப்படாமல் முடியுங்கள்" என்று பதில்.

வேலிக்கு வெளியே எண் எடுக்க இலையே இல்லை.

மார்ச் 19

குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்று அறிவித்துவிட்டார்கள். அக்கா வீட்டை ஒட்டிய ஓட்டு அறையில்தான் நான் குடியிருக்கிறேன். குளியல் ஒரு வாளியாகிவிட்டது. பதினெட்டு லிட்டர் வாளி. எல்லாவற்றையும் லிட்டரில் நினைக்கிற புத்தி வந்துவிட்டது.

என்னுடைய பெரிய தொட்டியில் புல்லுக்கான தண்ணீர் முக்கால் பாகம் நிற்கிறது. அக்கா குடத்தோடு அதைக் கடந்துதான் தெருக்குழாய்க்குப் போக வேண்டும். இன்று நானே சொன்னேன்.

"அக்கா, இதுல ரெண்டு குடம் எடுத்துக்கங்க."

"வேண்டாமுங்க அம்மணி. அது புல்லுக்கு வந்த தண்ணி."

"ரெண்டு குடத்துல ஒண்ணும் ஆயிடாது."

"ஆயிடாதுங்க. ஆனா நாளைக்கு நாலு குடம்னு தோணும்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏன் ஆறுதல் என்று தெரியவில்லை. அளவு குறையவில்லை என்பதாலாக இருக்கலாம்.

மார்ச் 28

அண்ணனின் மற்ற மூன்று மாடுகளையும் ஏற்கெனவே விற்றாயிற்று. இன்று கிடேரியும் போயிற்று. பட்டியில் மயிலை மட்டும். சோளத்தட்டுப் போரில் அடியில் கிடக்கும் தூசிதான் மிச்சம். அண்ணன் தொரட்டியை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய் வெள்வேலங்காய் உலுக்கிக்கொண்டு வருகிறார். ஒரு நாளைக்கு ஒரு கூடை தேறுகிறது.

வேலிக்கு வெளியே தரை வாசல் பெருக்கினது மாதிரி இருக்கிறது. வேலிக்கு உள்ளே பெருமழைக் கட்டங்களில் புல் என் முழங்காலுக்கு நிற்கிறது. ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

ஏப்ரல் 2

பெருமழை நாள். பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

மயிலை எழுந்திருக்கவில்லை. பட்டியில் படுத்தபடியே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன், அக்கா, டிராக்டர் ஓட்டி வந்தவர், நான், நான்கு பேரும் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். என் கை அதன் விலா மேல் இருந்தது. உள்ளே கன்று அசைந்தது. ஒரு தள்ளல். அவ்வளவுதான்.

கால்நடை டாக்டர் மத்தியானம் வந்து ஊசி போட்டார். "எட்டு மாசம் ஆச்சு. நோவெல்லாம் ஒண்ணும் இல்ல. பச்சை இல்லாம வயிறு ஒட்டிக் கெடக்குது. பத்து நாளைக்காவது பச்சை போடுங்க. இல்லாட்டி ஈனற நேரத்துல தாயும் தாங்காது, கன்னும் தாங்காது" என்றார்.

"பச்சைக்கு எங்கீங்க போறது?" என்றார் அண்ணன். டாக்டரின் கண் என் வேலிப் பக்கம் போனது. அண்ணனும் அக்காவும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் போன பிறகு மிச்சம் மூன்று கட்டத்துக்கும் தண்ணீர் ஊற்றி முடித்தேன். ஆயிரத்து எண்பது லிட்டர்.

ஏப்ரல் 4

கட்டங்களுக்கு இடையே நடைபாதையில் முளைத்திருந்த புல்லையெல்லாம் அறுத்து மயிலைக்குப் போட்டேன். ஒரு கை அணைப்புக்குத்தான் வந்தது. நான்கு நிமிடத்தில் தின்று முடித்துவிட்டு என் கையை நக்கியது. நாக்கு மணல் காகிதம் மாதிரி.

இனி நடைபாதையில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 7

சாரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். மே கடைசியில்தான் அறுப்பு. அறுத்து எடை போட்டால்தான் மூன்றாம் வருடக் கணக்கு முடியும். அதற்கு முன் ஒரு தாள் குறைந்தாலும் ஒப்பீடு போயிற்று. முதல் நாளே எனக்குச் சொன்னது இது.

அக்கா ஒருமுறை கேட்டால் போதும். கேட்டால் நானும் சாரிடம் கேட்பேன். அக்கா கேட்க மாட்டேன் என்கிறார். காலையில் "சாப்டாச்சுங்களா அம்மணி?" என்று மட்டும்தான் கேட்கிறார்.

ஏப்ரல் 9

இலை அளந்தேன். கதவின் தாழ் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டேன். இப்போது லேசாக வருகிறது.

ஏப்ரல் 11

இன்று ஒரு விபத்து.

கருவிக்கு பேட்டரி வாங்கத் தாராபுரம் போயிருந்தேன். ஆறே முக்கால் பேருந்து. போகும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் போனேன் என்று நினைக்கிறேன். தாழ் சரியாக விழவில்லை போலிருக்கிறது. எண்ணெய் விட்டதிலிருந்து அது நிற்பதில்லை. கடை திறக்க ஒன்பதரை ஆயிற்று. டீ குடித்தேன். இரண்டு பாக்கெட் பேட்டரி வாங்கினேன். அறையிலும் இரண்டு பாக்கெட் இருக்கிறது, ஆனால் அது பழசு. பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தேன்.

மயிலை உள்ளே புகுந்திருக்கிறது. இரண்டு, ஐந்து, ஏழு, எட்டு ஆகிய கட்டங்கள் போயின. நான்கும் பெருமழைக் கட்டங்கள். அடித் தூர் வரை வழித்துவிட்டது. எட்டாவதில் ஒரு மூலை மட்டும் மிச்சம்.

நான் பேருந்தை விட்டு இறங்கும்போதே அக்காவின் சத்தம் கேட்டது. வேலிக்கு வெளியே மயிலையைக் கட்டிப் போட்டு வேப்பம் விளாரால் அடித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் அவர் அந்த மாட்டை அடித்து நான் பார்த்ததில்லை. மாடு நகரவில்லை. அடியை வாங்கிக்கொண்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் விளாரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அம்மணி, எங்க மாடு இப்படிப் பண்ணிப்போடுச்சுங்களே! மூணு வருசப் பாடுங்களே! நான் துணி தொவைக்கப் போயிட்டனுங்க, கட்டறதுக்கு மறந்து..." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லக்கா. விடுங்கக்கா."

"எப்படிங்க விடறது?"



ஏப்ரல் 12

சாருக்கு எழுதினேன். "கதவு தாழிடப்படாத நிலையில் மாடு புகுந்து நான்கு கட்டங்கள் சேதம்." அவர் அழைத்தார்.

"மாடுன்னா புகத்தான் செய்யும். மாட்டுக்காரங்க கிட்டக் கண்டிப்பாச் சொல்லி வைங்க."

"சொல்றேன் சார்."

சொல்லவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. அக்கா வழக்கமாகப் பாயசம் கொண்டு வருவார். வரவில்லை.

அண்ணன் விடியும்போதே கிளுவை முள்ளை வெட்டி வந்து என் கம்பிவேலியைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். தலையைத் தூக்காமலே, "எங்க மாடு பண்ணுனதுங்க, நாங்கதான் அடைக்கோணும்" என்றார். முழங்கைவரை முள் கிழித்திருந்தது. மத்தியானம் வரை அடைத்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 16

மயிலைக்குக் கழுத்தில் கட்டை கட்டியிருக்கிறார்கள். நடக்கும்போது முன்னங்காலில் இடிக்கிறது.

தெருக்குழாயில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பாவாத்தாளு மாட்டைப் பத்தி உட்டுட்டுத் துணி தொவைக்கறாப்ல போயிருப்பா." "இருக்குமாட்ட இருக்குது. அந்தப் புள்ள வாயத் தொறக்கல, பாவம்." அக்கா அதே வரிசையில் நான்காவதாக நின்றார். குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் அண்ணன் வந்து, தள்ளி நின்றபடி சொன்னார்.

"வியாழக்கிழமை வியாபாரி வராரு அம்மணி. மாட்டைக் குடுத்தர்றோம். துண்டு போட்டு வெல பேசியாச்சு."

"சினை மாட்டையா அண்ணா? யார் வாங்குவாங்க?"

"வேலி தாண்டித் திங்கற மாடுன்னு பேராயிப் போச்சுங்க. வளத்தறவன் எவனும் வாங்க மாட்டான். வண்டியில ஏத்தறவன்தான் வாங்குவான்." அடிமாட்டு வண்டி என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. "அது இங்க நின்னா உங்களுக்கும் நிம்மதி இருக்காது, எங்களுக்கும் மூஞ்சி இருக்காது."

போய்விட்டார்.

ஏப்ரல் 17

பதினொன்றாம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன்.

பேட்டரி தேவைப்படவில்லை. தாழ் நன்றாக விழுகிறது, நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். அன்று காலை ஆறு மணிக்கு அக்கா துணி மூட்டையோடு கிணற்றடிக்குப் போனதைப் பார்த்தேன். அண்ணன் காய் உலுக்கப் போய்விட்டார். நான் பட்டிக்குப் போய் மயிலையின் கயிற்றை அவிழ்த்தேன். அக்கா கட்ட மறக்கவில்லை. கட்டித்தான் இருந்தார். கொம்பைப் பிடித்து வேலிவரைக்கும் கூட்டி வந்து, கதவைத் திறந்து, உள்ளே விட்டேன். அது முதல் வாய் புல்லைப் பிடுங்குகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நின்றேன். பிறகு பேருந்துக்கு நடந்தேன்.

இதை எழுதுவதற்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது.

நினைத்தது இவ்வளவுதான்: யாரும் கேட்க வேண்டாம், யாரும் கொடுக்க வேண்டாம், மாடு தின்றுவிட்டது என்று ஆகட்டும். மாட்டின் மேல் யார் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 18

வியாபாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. எட்டு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா மயிலையின் நெற்றியில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாட்டை விக்காதீங்க. அது வேலி தாண்டல. நான்தான் அவுத்துக் கூட்டிட்டுப் போய் உள்ள விட்டேன்."

அக்கா மஞ்சள் விரலோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். கயிற்றை நானே அவிழ்த்தேன், கதவை நானே திறந்தேன், பேட்டரி வாங்கப் போனது பொய்.

"எதுக்குங்க?" என்றார் அண்ணன். அவ்வளவு மெதுவாக அவர் பேசிக் கேட்டதில்லை.

"மாடு பட்டினி கெடந்துச்சு. டாக்டர் பச்சை போடச் சொன்னாரு. என்கிட்ட இருந்துச்சு."

அக்கா எழுந்தார்.

"பசிக்குதுன்னு நான் வந்து உங்ககிட்டக் கேட்டனுங்களா?"

"கேக்கலக்கா."

"நீங்க வந்து, அக்கா, கொஞ்சம் புல்லுத் தரட்டுமான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பன். இல்ல, சரின்னு சொல்லியிருப்பன். எதாவது ஒண்ணு நான் சொல்லியிருப்பனுங்க. அதச் சொல்றதுக்குக்கூட எனக்கு வழியில்லாமப் பண்ணிப்போட்டீங்க." குரல் ஏறியது. "ஒரு வாரமா இந்த மனுசன் ரோட்டுல தலையத் தூக்கி நடக்கலைங்க. குழாயடியில என்ன பேசறாங்கன்னு உங்களுக்கும் காதுல உழுந்துதுதானுங்க? கேட்டுப்போட்டுச் சும்மாதான இருந்தீங்க?"

சும்மாதான் இருந்தேன்.

"நான் அதை அடிச்சனுங்களே அம்மணி." அவருடைய குரல் அங்கேதான் உடைந்தது. "வயித்துல கன்ன வெச்சுக்கிட்டு நின்ன மாட்டை, வாயில்லா சீவனை, விளாரு ஒடியற வரைக்கும் அடிச்சன். அது ஒண்ணுமே பண்ணலையா? ஒண்ணுமே பண்ணலையா அது?"

மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் குனிந்து கழுத்துக்கட்டையை அவிழ்த்துத் தூர எறிந்தார்.

வியாபாரி பத்தே காலுக்கு வந்தார். அண்ணன் படலுக்கு வெளியே போய் அவரோடு நின்றார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடித்த பேச்சைத் திரும்ப எடுப்பது இந்தப் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. வியாபாரி கையை ஆட்டி ஏதோ சொன்னார். அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். அரை மணி நேரம். என்னைப் பற்றி அவர் ஏதும் சொன்ன மாதிரி தெரியவில்லை. வியாபாரி என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

வண்டி காலியாகப் போயிற்று.

ஏப்ரல் 19

காலையில் குழாயடிக்குப் போய் வரிசையில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "மாட்டை அவுத்து விட்டது நான். அக்கா மேல தப்பு இல்ல." ஒரு பாட்டி மட்டும் "படிச்ச புள்ள" என்றார். பாராட்டா திட்டா தெரியவில்லை.

பிறகு சாரை அழைத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"சனிக்கிழமை வரேன்" என்றார்.

ஏப்ரல் 20

சார் வந்தார். அறுபது வயதில் வெயிலில் குடையில்லாமல் ஒவ்வொரு கட்டமாக உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார். மேய்ந்த கட்டத்தில் தூரை விரலால் நிமிண்டினார்.

"அங்கயற்கண்ணி, ஒண்ணு கேக்கறேன். எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"பன்னெண்டு கட்டத்துலயும் ஒரே உயரத்துக்கு, ஒரே நாள்ல அறுத்து எடை போட்டிருக்கலாம். மறுபடி துளிர்க்கறதை மே கடைசில திரும்ப எடை போட்டிருக்கலாம். ஒப்பீடு அப்படியே நிக்கும். இன்னும் நல்ல ஆராய்ச்சியாக்கூட ஆகியிருக்கும். ஒரு கைப்பிடியை மட்டும் உலர வைக்க எடுத்துட்டு மிச்சத்தைக் கட்டுக் கட்டா அந்த அம்மாவுக்கே குடுத்திருக்கலாம்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒரு போன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எட்டுக் கட்டங்களை வைத்து இந்த வருடத்தை முடிக்க முடியாது. இன்னொரு வருடம் தேவைப்படும், உதவித்தொகை இல்லாமல். நடந்ததை ஆய்வேட்டில் என் கையாலேயே எழுத வேண்டும். "விபத்து என்று எழுதக்கூடாது" என்றார். மேய்ந்த நான்கு கட்டங்களின் கூரையை எடுத்துவிடச் சொன்னார். வானம் தருவதை அவை வாங்கட்டும், தனியாக அளந்து பார்ப்போம் என்றார்.

போகும்போது அவராகவே அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அன்றைக்கே எட்டுக் கட்டத்திலும் ஒரு சாண் விட்டு மேல்புல்லை அறுத்து எடை போட்டோம். அண்ணன் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

அக்கா வரவில்லை.

ஏப்ரல் 30

பெருமழை நாள். இரண்டே கட்டம். காலை எட்டரைக்குள் முடிந்துவிட்டது. மிச்ச நாள் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மே 3

அக்கா இன்னும் பேசவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் இல்லை. என் வாசலையும் சேர்த்துத்தான் பெருக்குகிறார்.

மே 8

மழை!

மூன்றரை மணிக்கு மேற்கே கறுத்தது. நான்கு மணிக்கு அடித்தது. ஐம்பது நிமிடத்தில் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். மூன்று வருடத்தில் நான் ஊற்றின எந்தப் பெருமழையும் இப்படி இல்லை. பூவாளியில் நான் விட்டு விட்டு மெதுவாக ஊற்றுவேன். தண்ணீர் இறங்க நேரம் இருக்கும். இது இறங்கவில்லை, ஓடியது. பெருக்கிவிட்ட மாதிரி கிடந்த கொறங்காட்டில் செம்மண் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. அண்ணன் மண்வெட்டியோடு ஓடினார். சரிவுக்குக் குறுக்கே வரப்பு வெட்டித் தண்ணீரைத் தேக்கப் பார்த்தார். நானும் ஓடினேன். எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. கையால் மண்ணை வாரிப் போட்டேன்.

எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் குனிந்து மண் வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்.

"இக்கட்டால வாங்க, இந்தப் பக்கம்! அங்க போட்டா நிக்காது!" என்று கத்தினார்.

இருபது நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மே 9

வரப்பு பாதி நின்றது, பாதி உடைந்தது. மண்ணில் குச்சி விட்டுப் பார்த்தேன். என் கூரையில்லாத கட்டங்களில் ஈரம் ஒரு முழம். வெளியே ஒரு சாண்கூட இல்லை.

அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"இந்த மழைய வெச்சுப் புல்லு எத்தன நாளைக்குங்க குடிக்கும்?"

மூன்று வருடத்தில் அவர் என் வேலையைப் பற்றி விளையாட்டாக இல்லாமல் கேட்ட முதல் கேள்வி. தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று பயமாக இருந்தது.

"என் கட்டத்துல பதினஞ்சு பதினாறு நாள் குடிக்கும் அக்கா. வெளிய பாதித் தண்ணி ஓடிப்போச்சு. எத்தன நாள்னு எனக்குத் தெரியல."

"அளந்து பாருங்களே."

"உங்க காட்டுல அளக்கலாமா?"

"அதுக்குத்தானுங்க சொல்றேன்."

மே 13

வெளியே புல் துளிர்த்துவிட்டது. செத்துப்போயிற்று என்று நினைத்த தூரெல்லாம் பச்சை ஊசி. நான்கு இடத்தில் குச்சி நட்டு அளக்கிறேன். எல்லா இலையும் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. மயிலையை அண்ணன் இன்னும் விடவில்லை.

மே 15

மயிலை ஈன்றது. காளைக்கன்று. மூன்றாவது முயற்சியில் நின்றுவிட்டது. தாய்க்குப் பால் குறைவு. ஆனால் தாய் நிற்கிறது.

அக்கா சீம்பால் கொண்டு வந்து கொடுத்தார். நின்று பேசவில்லை. கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாக இல்லாமல் கொஞ்சம் வெல்லம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மே 18

வெளியே பத்தாம் நாள். எண் விழுந்துவிட்டது. இலை சுருண்டு மூடிக்கொண்டது. நேற்று வரை குடித்தது. ஒன்பது நாள். என் கட்டங்களில் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "ஒன்பது நாள் அக்கா. இனிமே வளராது. வளந்தது இவ்வளவுதான்."

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று மத்தியானமே மயிலையைக் காட்டுக்குள் விட்டார்கள், பாதிக் காட்டில் மட்டும். மறுபாதியைக் கயிறு கட்டி மறித்துவிட்டார் அக்கா. அடுத்த மழைக்குத் தூரும், தண்ணீர் ஓடாமல் பிடிக்கப் புல்லும் வேண்டுமாம். அதை நான் சொல்லவில்லை. என் எண்ணும் அதைத்தான் சொல்கிறது.

மே 25

சாருக்கு வெளிக்காட்டு எண்களை அனுப்பினேன். "இதுதான் அடுத்த வருடத்து வேலை" என்று பதில். அடுத்த வருடத்துக்கு இடம் தர வேண்டியவர்கள் அண்ணனும் அக்காவும். நாளைக்குக் கேட்க வேண்டும்.

மே 26

கேட்டேன். அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கன்றுக்குக் கழுத்துக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். திரித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"இருங்க. ஆனா எதுவா இருந்தாலும் என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் செய்யோணும்."

"சரிக்கா."

"நல்லதா இருந்தாலும்."

"சரிங்கக்கா."

மே 31

அறுப்பு நாள். எட்டுக் கட்டமும் கூரையில்லாத நான்கும். விடிந்ததும் தொடங்கிவிட்டேன். கட்டம் கட்டமாக அறுத்து, சாக்கில் கட்டி, தராசில் தொங்கவிட்டு எழுதினேன். மேய்ந்த நான்கு கட்டத்திலும் புல் என் கணுக்காலுக்கு மேல் வந்திருந்தது. ஒப்பீட்டுக் கணக்கில் சேராது. ஆனாலும் எடை போட்டேன்.

ஒன்பது மணிவாக்கில் கதவு திறக்கிற சத்தம். அக்கா உள்ளே வந்தார். மூன்று வருடத்தில் மாட்டை விரட்டப் புகுந்த அன்றைத் தவிர அவர் இந்த வேலிக்குள் கால் வைத்ததில்லை. கட்டங்களுக்கு நடுவே, மிதித்துவிடாமல், நடைபாதையிலேயே நடந்து வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கக்கா."

"எடை போட்ட புல்லு எனக்கு வேணும்."

தயங்காமல் கேட்டார், கடையில் உப்புக் கேட்கிற மாதிரி.

"எடுத்துக்கங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கைப்பிடி மட்டும் எனக்கு வேணும், காயவெச்சுப் பாக்கறதுக்கு."

"உங்க கைப்பிடியா, என்ற கைப்பிடியா?"

கையை நீட்டிக் காட்டினார். நானும் நீட்டினேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். என்னுடையது அவருடையதில் முக்கால்தான் இருந்தது.

"உங்களதே இருக்கட்டுங்க" என்றார் அக்கா.

பன்னிரண்டு கைப்பிடி எடுத்துக் காகித உறையில் போட்டு எண் எழுதினேன். மிச்சத்தை அக்கா ஐந்து நடையாகத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். கடைசி நடைக்குக் கட்டு பெரிதாக இருந்தது. ஒரு கை கொடுக்கச் சொன்னார். தூக்கி விட்டேன்.